சொந்த உபயோகத்துக்கு

எங்கள் வீட்டில் எதற்கும் பூட்டு கிடையாது. அலமாரிக்குச் சாவி உண்டு, ஆனால் அது அலமாரிக் கதவிலேயே தொங்கும். என் செல்போன் கடவு எண் மனைவிக்குத் தெரியும், அவளுடையது எனக்குத் தெரியும். சுவரில் துளை போடும் மெஷினை இந்தத் தெருவில் கேட்காதவர்கள் இல்லை. யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. ஒரே ஒரு முறை, எதிர்வீட்டுக்காரர் அதை வாங்கிப்போய், மேலே ஒட்டியிருந்த என் பெயரைச் சுரண்டிவிட்டுத் தன்னுடையது என்று இன்னொருவருக்குக் கொடுத்திருந்தார். அன்று மட்டும் கொஞ்சம் குரல் உயர்த்தினேன். கொடுப்பதில் எனக்குக் கஷ்டமே இல்லை. பெயரைச் சுரண்டக் கூடாது, அவ்வளவுதான்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம், நேற்று விசாரணையில் உங்கள் உதவியாளர் என்னைப் பார்த்து, “நீங்க எதையோ மறைக்கிறீங்க சார்” என்றார். மறைப்பது என் சுபாவம் இல்லை. எல்லாவற்றையும் சொல்கிறேன். குறுக்கே பேசாமல் கேட்டால் சீக்கிரம் முடித்துவிடலாம்.

நான் வேலை செய்வது, அல்லது செய்துகொண்டிருந்தது, மருந்து ஏற்றும் பம்ப் தயாரிக்கும் கம்பெனியில். நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் கம்பியில் மாட்டியிருக்குமே, சின்னத் திரையோடு, அதுதான். மருந்தைச் சொட்டுச் சொட்டாக, சொன்ன வேகத்தில் உடம்புக்குள் அனுப்பும். நான் திரைப் பிரிவு. எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், எச்சரிக்கை எந்த நிறத்தில் வர வேண்டும் என்பதெல்லாம் என் வேலை. பம்பின் மூளையை எழுதுகிறவர்கள் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம். என் அடையாள அட்டைக்கு அந்தக் கதவு திறக்காது.

அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் என் மனைவியின் தம்பி. வீட்டில் அவனுக்குச் சின்னவன் என்றுதான் பெயர். வேலைக்குச் சிபாரிசு செய்ததே நான். நல்ல பையன், வாய் கொஞ்சம் நீளம், வேலை என்று வந்தால் சுற்றுவழி தேடுவான்.

என் மாமனார் எங்களோடுதான் இருந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குள்ளும் கண்டக்டர்தான். நாலு பேர் கூடத்தில் நின்றால், “உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் காலியா கெடக்கு” என்பார். என்னை மாப்பிள்ளை என்று ஒதுக்கி வைக்காமல் தோளில் தட்டிப் பேசிய ஒரே பெரிய மனிதர் அவர். என் அப்பாவிடம்கூட நான் அவ்வளவு ஒட்டியதில்லை. இதை நான் சொன்னால் நீங்கள் புருவத்தை உயர்த்துவீர்கள் என்று தெரியும். உயர்த்துங்கள்.

அவருக்குத் தொண்டையில் கட்டி வந்தது. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, ஆனால் பேச்சு போனது, விழுங்குவதும் நின்றது. மூக்கு வழியாக ஒரு குழாய் போட்டு, அதில்தான் ஆகாரம். பேச முடியாததால் விரல் மோதிரத்தால் கட்டில் கம்பியைத் தட்டுவார். இரண்டு தட்டு என்றால் ‘ரைட், போலாம்’. ஒரு தட்டு என்றால் ‘நிறுத்து’. விசிலின் கணக்கேதான். யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவும் இல்லை, எங்களுக்கு அவர் விளக்கவும் இல்லை. முதல் நாளே எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

ஆகாரத்தை ஒரேயடியாக ஊற்றக் கூடாது, மெதுவாக இறங்க வேண்டும். என் மனைவி குழாயைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்காக நிற்பாள். பார்க்கப் பொறுக்காமல் ஒரு மெஷின் செய்தேன். பழைய பிரிண்டரிலிருந்து கழற்றிய மோட்டார், ஒரு சின்ன மின்பலகை, அதை ஓட்ட நான் எழுதிய புரோகிராம். அந்த மோட்டார் கிழட்டு மோட்டார், சட்டென்று கிளம்பாது. அதனால் கிளம்புவதற்கு முன் ஒரு நூல் பின்னால் போய், இரண்டு முறை முன்னால் நகரும்படி எழுதினேன். தொண்டையைச் செருமிக்கொள்வது போல ஒரு சத்தம் வரும். மாமனார் அதைக் கேட்டதும் இரண்டு தட்டு தட்டுவார்.

இன்னொன்றும் சேர்த்தேன். ஏதாவது காரணத்தால் நடுவில் நின்று போனால், மெஷின் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று பார்த்து, கொஞ்சம் வேகமாக ஓடி அதை ஈடுகட்டும். அவர் பசியோடு இருக்கக் கூடாது என்பதற்காக. அந்த வரிகளை எழுதியபோது எனக்கிருந்தது பாசம் மட்டும்தான். உங்கள் கோப்பில் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு அந்தப் புரோகிராமை இணையத்தில் போட்டேன். நம்மைப் போல எத்தனை வீட்டில் எத்தனை பேர் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்களோ என்று தோன்றியது. காப்பிலெஃப்ட் உரிமத்தில் போட்டேன். அது என்னவென்று உங்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் விஷயமே அதில்தான் இருக்கிறது. யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் அதை வைத்துச் செய்த ஒன்றை இன்னொருவர் கையில் கொடுத்தால், மூலத்தையும், அதாவது எழுதிய வரிகளை அப்படியே, கொடுக்க வேண்டும், எழுதியவன் பெயரையும் விட்டுவைக்க வேண்டும், உனக்குக் கிடைத்த சுதந்திரம் அவருக்கும் கிடைக்க வேண்டும். உன் வீட்டுக்குள் உன் சொந்த உபயோகத்துக்கு எப்படி மாற்றினாலும் யாரும் கேட்க முடியாது. கடைசியில் ஒரு பத்தி உண்டு: இதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. அதையும் படித்துப் பாருங்கள், பெரிய எழுத்தில்தான் போட்டிருக்கிறார்கள்.

கம்பெனியில் புதிய பம்ப் வெளியான அன்று எல்லோரையும் சோதனைக் கூடத்துக்குக் கூப்பிட்டு இனிப்பு கொடுத்தார்கள். மேலாளர் பட்டனை அழுத்தினார். விலையுயர்ந்த மோட்டார், எதற்கும் திக்காதது. அது ஒரு நூல் பின்னால் போய், இரண்டு முறை முன்னால் நகர்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு கிளம்பியது. என் வாயில் இருந்த இனிப்பை நான் விழுங்கவே இல்லை என்பது வீட்டுக்கு வரும் வழியில்தான் தெரிந்தது.

சின்னவனைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக் கேட்டேன். அவன் ஒளிக்கவில்லை.

“ஆமா மச்சான், உங்களோடதுதான். டெலிவரி தேதி கழுத்த நெரிச்சுது. எடுத்துப் போட்டேன்.”

“மேல இருந்த என் பேரு? உரிமம்?”

“அத வச்சிருந்தா சட்டப் பிரிவு விடுமா? குடும்பத்துக்குள்ள என்ன மச்சான் லைசென்ஸு?”

என் மனைவி சிரித்தாள். மாமனார் உள்ளறையிலிருந்து ஒரு தட்டு தட்டினார், எதற்கென்று தெரியவில்லை. நான் மட்டும் சிரிக்கவில்லை. எல்லோரும் கொண்டாடிய ஒரு பொருளின் நடுவில் நான் இருந்தேன், ஆனால் என் பெயர் இல்லை. அந்த எரிச்சலை நான் இங்கே குறைத்துச் சொல்ல விரும்பவில்லை.

முறைப்படி மேலாளரிடம் போனேன். கூட்டம் வைத்தார்கள். கம்பெனியின் சட்ட ஆலோசகர் வந்தார், தன் பேனா மூடியைக் கடித்துக்கொண்டே இருந்தார். நான் கேட்டது எளிமையான கேள்வி: வெளியிலிருந்து எடுத்த காப்பிலெஃப்ட் புரோகிராம் நம் பம்பில் இருந்தால் மூலத்தை வெளியிட வேண்டுமா? அறையில் யாருக்கும் தெரியவில்லை. ஒருவர் தேவையில்லை என்றார், ஒருவர் பம்ப் முழுவதையும் வெளியிட வேண்டியிருக்கும் என்று பயந்தார், இன்னொருவர் அந்தத் துணுக்கை மட்டும் என்றார். இன்னும் ஒருவர், நான் கம்பெனிச் சம்பளத்தில் இருந்தபோது எழுதியதால் அது கம்பெனியுடையதுதான் என்றார். வீட்டில், என் பிரிண்டர் மோட்டாரை வைத்து, என் மாமனாருக்காக எழுதியது என்றேன். “வீட்டுலன்னா என்ன, மூளை ஒண்ணுதானே” என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

சட்ட ஆலோசகர் மட்டும் தெளிவாகப் பேசினார். “ஆஃபீஸுக்குள்ள வச்சு ஓட்டுற வரைக்கும் அது பிறருக்குக் கொடுத்ததா ஆகாது. வெளிய வித்த மெஷின்ல இருந்தாத்தான் கேள்வியே. அதுலயும், இருக்குன்னு அவங்க நிரூபிக்கட்டும்.” பிறகு சின்னவனைப் பார்த்து, “நீங்க எழுதுனதுதானே?” என்று கேட்டார். சின்னவன் மேசையைப் பார்த்தபடி, “நான்தான் எழுதினேன் சார். ஆரம்பத்துலேர்ந்து” என்றான்.

நிரூபிக்கட்டும் என்றார்கள். நியாயமான கோரிக்கைதான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் உங்களுக்கு முக்கியம். வீட்டு மெஷினுக்கு ஒரு பேட்டரி வைத்தேன், கரண்ட் போனாலும் ஓடட்டும் என்று. ப்ளக்கைக் கழற்றினேன், பேட்டரியில் ஓடியது. திரும்ப மாட்டினேன். மெஷின் செருமியது, பிறகு பைத்தியம் பிடித்தது போல ஓட ஆரம்பித்தது. கட்டில் கம்பியில் ஒரு தட்டு கேட்டது. பாய்ந்து போய்க் குழாயை விரலால் நசுக்கிப் பிடித்தேன். மாமனார் இருமி முடித்து, என் கன்னத்தைத் தட்டிக் கொடுத்தார்.

காரணம் புரிய அதிக நேரம் ஆகவில்லை. பேட்டரியிலிருந்து கரண்டுக்கு மாறும் அந்த நொடியில், இதுவரை கொடுத்ததை மெஷின் மறந்துவிடுகிறது. ஒன்றுமே கொடுக்கவில்லை, ரொம்பப் பின்தங்கிவிட்டோம் என்று நினைத்து, எல்லாவற்றையும் ஈடுகட்ட ஓடுகிறது. நான் பாசத்தில் எழுதிய வரிகள். இரண்டே வரியில் சரிசெய்தேன்.

சரிசெய்ததை இணையத்தில் போட உட்கார்ந்தேன். உட்கார்ந்து யோசித்தேன். சின்னவன் என் இணையப் பக்கத்தைக் கவனித்துக்கொண்டிருப்பான் என்று எனக்குத் தெரியும். போட்ட உடனே எடுத்து பம்பில் சேர்த்துவிடுவான், சத்தமில்லாமல். சரி, அப்புறம்? செருமல் தற்செயல் என்பார்கள். ஆனால் ஒரு தவறு, இவ்வளவு விசித்திரமான தவறு, இரண்டு பேர் தனித்தனியாகச் செய்ய முடியாது. அந்தத் தவறு என் கையெழுத்து. பெயரைச் சுரண்டியவனால் அதைச் சுரண்ட முடியவில்லை, ஏனென்றால் அது அங்கே இருப்பதே அவனுக்குத் தெரியாது. அதை நானே அழித்துக் கொடுக்க வேண்டுமா?

உரிமத்தைத் திரும்பப் படித்தேன். சொந்த உபயோகத்துக்காக மாற்றியதை வெளியிட வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. சட்டம் தெரிந்த யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். எங்கள் வீட்டு மெஷின் சரியாக ஓடியது. நான் கம்ப்யூட்டரை மூடினேன்.

கம்பெனி பம்பில் அந்தத் தவறு இருக்கிறதா என்றும் பார்த்தேன். திரைப் பிரிவில் மாதிரிக்கு வைத்திருந்த பம்பில் தண்ணீர் வைத்து, ப்ளக்கைக் கழற்றி மாட்டினேன். வீட்டு மெஷினைப் போலவே கண்டபடி ஓடியது. இத்தனை நாள் யாரும் ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று கேட்டீர்கள். எங்கள் சோதனைக் கூடத்தில் கரண்ட் போகவே போகாது. பெருமையாகப் பெரிய பேட்டரி வரிசை வைத்திருக்கிறார்கள். கரண்டில் ஒரு சோதனை, பேட்டரியில் ஒரு சோதனை, இரண்டும் தனித்தனி அறையில். மருந்து பாதி போயிருக்கும்போது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

ஆனால் அது ஆஃபீஸுக்குள் இருந்த பம்ப். அவர்களே சொன்னதுதான், உள்ளே ஓடுவது கணக்கில் வராது. வெளியே விற்ற மெஷினில், வேலையில் இருக்கும்போது காட்ட வேண்டும். தனி ஆளுக்கு அவர்கள் விற்பதில்லை, ஆஸ்பத்திரிகளுக்குத்தான். நான் வாங்கிப் பார்க்க வழியே இல்லை. இந்தக் கட்டத்தில் வேறு என்ன செய்திருக்கலாம் என்று நீங்கள் யோசித்துச் சொல்லுங்கள், நானும் கேட்கிறேன்.

அதற்குள் எத்தனை பம்ப் வெளியே போயின என்று கேட்டீர்கள். அதை விற்பனைப் பிரிவில் கேளுங்கள். என் பிரிவு இல்லை.

மாமனார் தேறிவந்தார். இன்னொரு சின்ன அறுவை சிகிச்சை செய்தால் விழுங்கலாம், கொஞ்சம் கொஞ்சமாகக் குரலும் வரலாம் என்று டாக்டர் சொன்னார். என் மனைவி அன்று அழுதுகொண்டே வீட்டைத் துடைத்தாள். அப்பா பேசினால் முதல் வார்த்தை என்னவாக இருக்கும் என்று அவளும் சின்னவனும் பந்தயம் கட்டினார்கள். ‘உள்ள போங்க’ என்பது சின்னவன் கட்சி.

இரண்டு ஆஸ்பத்திரிகள் இருந்தன. எது என்று மனைவி என்னைக் கேட்டாள். ஒன்றில் எங்கள் கம்பெனி பம்ப் வைத்திருந்தார்கள். நான் அந்த ஆஸ்பத்திரியைச் சொன்னேன். அது வீட்டுக்குப் பக்கம் என்பதும் உண்மைதான்.

அறுவை சிகிச்சை நன்றாக நடந்தது. வலிக்கான மருந்து பம்பில் போய்க்கொண்டிருந்தது. அளவு மீறினால் மூச்சை மெதுவாக்கும் வகை. ஸ்கேன் எடுக்கக் கீழே கொண்டுபோக வேண்டும் என்று நர்ஸ் வந்தார். என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தார்.

“உங்க கம்பெனி மெஷினா சார்? நல்லதாப் போச்சு. கழட்டலாம்ல?”

“கழட்டலாம். பேட்டரி இருக்கு” என்றேன்.

இதில் ஒரு பொய்யும் இல்லை. ஸ்ட்ரெச்சர் நகர்ந்ததும் மாமனார் கம்பியில் இரண்டு தட்டு தட்டினார். நர்ஸுக்கு அர்த்தம் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் சிரித்தார்.

திரும்பி வந்தபோது மனைவி துண்டு எடுக்க வீட்டுக்குப் போயிருந்தாள், சின்னவன் பில் பிரிவில் வரிசையில் நின்றான். நர்ஸுக்குப் பக்கத்து அறையிலிருந்து அழைப்பு. “ப்ளக்க மட்டும் நீங்களே மாட்டிடுங்க சார், உங்களுக்குத் தெரியாததா” என்று சொல்லிவிட்டு ஓடினார். அவர்மேல் எந்தத் தவறும் இல்லை. அவரை விட்டுவிடுங்கள்.

போனை எடுத்தேன், பிறகு ப்ளக்கை மாட்டினேன். எது முதலில் என்று மூன்று முறை கேட்டீர்கள். அதுதான் வரிசை.

குழாயை நசுக்கினால் நிற்கும் என்று எனக்குத் தெரியும். வீட்டில் நசுக்கியிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை. இங்கேயும் நசுக்கத்தான் போகிறேன் என்று முடிவு செய்திருந்தேன். ஆனால் பாதியில் நிறுத்தினால் என்ன சொல்வார்கள்? ஏதோ காற்று புகுந்தது, ஏதோ தற்காலிகக் கோளாறு என்பார்கள். திரையில் ஏறும் மருந்து அளவின் எண் முழுதாக ஈடுகட்டி முடிக்க வேண்டும். பின்தங்கியது எவ்வளவோ அவ்வளவும். அப்போதுதான் அது என்னுடையது என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. கையை ஆட்டாமல் பிடித்திருந்தேன். எண் முடிந்ததும் போனை வைத்துவிட்டுக் குழாயை நசுக்கினேன், மணியையும் அழுத்தினேன். ஓடி வந்தார்கள். அவர்கள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். நான் அழுதேன். நடிப்பு இல்லை. இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய நாற்காலியில் யாரையும் உட்கார விடுவதில்லை.

பலனையும் பாருங்கள். வீடியோவை வெளியிட்ட பிறகு கம்பெனி எல்லா பம்புகளையும் திரும்ப வாங்கிவிட்டது. மூலத்தை வெளியிட்டார்கள். முதல் வரியில் என் பெயர் இருக்கிறது, நீங்களே பார்க்கலாம். இனி அந்த பம்பால் யாரும் சாக மாட்டார்கள். அப்படித் தப்பியவர்களின் எண்ணிக்கையை நீங்கள் யாரும் எழுதிக்கொள்வதில்லை. சின்னவன் இப்போது யாரோடும் பேசுவதில்லை. அப்பாவைத் தானே கொன்றுவிட்டதாக நினைக்கிறான். அந்த நினைப்பை மாற்ற நான் முயலவில்லை. பெயரைச் சுரண்டியது அவன்தானே.

கடைசியாக உங்கள் கேள்விக்கு வருகிறேன். வெளியிட்ட வீடியோவில் சத்தம் ஏன் இல்லை என்று என் மனைவிதான் முதலில் கேட்டாள், பிறகு நீங்கள். எடுக்கும்போது சத்தம் இருந்தது. நான்தான் நீக்கினேன். எண்ணுக்கும் சத்தத்துக்கும் சம்பந்தம் இல்லை, பார்ப்பவர்களுக்குக் கவனம் சிதறும். அதில் வேறு ஒன்றும் இல்லை, கட்டில் கம்பியில் மோதிரம் படுகிற சத்தம்தான். ஒரு தட்டு. கொஞ்சம் விட்டு மறுபடி ஒரு தட்டு. எல்லாம் ஒற்றைத் தட்டுதான். எண் முடிவதற்கு வெகுநேரம் முன்பே அது நின்றுவிடுகிறது.

வீடியோவின் மூலத்தைக் கொடு என்கிறீர்கள். மூலம் என்னிடம் இருக்கிறது. அதை யாருக்கும் கொடுக்க வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை. அது என் சொந்த உபயோகத்துக்கு.